வெள்ளியா, டைட்டானியமா?



வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிப் பல் மருத்துவக் கல்லூரி இருப்பதை அறிவீர்கள். அங்கே பாட்டிக்குத் துணையாகப் போய்வந்த என் பத்தாம் வகுப்பு மாணவி, "சார், வெள்ளிதானே விலை கூடுதல்? பல்வேருக்கு ஏன் டைட்டானியம் வைக்கிறாங்க?" என்று கேட்டாள். "பாடத்தில் இல்லை, உட்கார்" என்றேன். அதன்பின் அவள் ஒரு வாரம் கை உயர்த்தவில்லை. என் தவறு உறைத்தது. வகுப்பிலேயே அவளிடம் வருத்தம் தெரிவித்து, இரு உலோகங்களையும் கரும்பலகையில் ஒப்பிட்டோம்.

வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.5 கிராம், டைட்டானியம் 4.5 கிராம்தான். உருகுநிலை முறையே 962, 1668 டிகிரி செல்சியஸ். வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்துவதில் வெள்ளியே உலோகங்களில் முதலிடம். ஆனால் தூய வெள்ளி மென்மையானது. அதனால்தான் 92.5 சதவீத வெள்ளியுடன் செம்பு சேர்த்து நகை செய்கிறார்கள். கந்தகச் சேர்மங்கள் பட்டால் அது கறுக்கும்.

டைட்டானியத்தின்மீது காற்று பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அரிப்பைத் தடுக்கிறது. எலும்பும் அதனோடு ஒட்டி வளர்கிறது. 1965-இல் சுவீடனின் பிரோனெமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல்வேர் பொருத்தினார். 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த கலவை தூய டைட்டானியத்தைவிட வலிமையானது. டைட்டானியத்தின் தாது இல்மனைட், நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள்: வெள்ளிக் கரண்டியையும் எவர்சில்வர் கரண்டியையும் வெந்நீரில் நிறுத்தி, எதன் காம்பு முதலில் சுடுகிறது என்று கேளுங்கள். எவர்சில்வரில் வெள்ளியே இல்லை என்பதையும் மாணவர்களே கண்டறியட்டும்.

விலையைக் கொண்டு உலோகத்தின் தகுதியை அளக்க முடியாது. எந்த வேலைக்கு என்று பார்க்க வேண்டும். இதை எனக்குக் கற்றுத்தந்தது அந்த மாணவியின் கேள்விதான்.