காற்றுப் போற வழி

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், செவன் கிங்ஸில் ஆற்றிய உரை)



மேடையில் ஏறி எனக்குப் பழக்கமில்லை. காருக்குக் கீழே படுத்துத்தான் பழக்கம். "இளம் பிள்ளையளுக்கு உங்கடை தொழிலைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டபடியால் வந்து நிற்கிறேன். போன மாரிகாலம் எங்கடை கராஜுக்கு வந்த ஒரு காரைப் பற்றித்தான் கதைக்கப் போறன்.

கொண்டு வந்தவர் எங்கடை பெடியன் ஒருவர். கார் மஸ்டா ஆர்.எக்ஸ்.8. இரண்டு வருசம் சனி ஞாயிறு கடையில் நின்று சேர்த்த காசில் வாங்கினதாம். மெதுவாகப் போனால் நல்லாப் போகும், அமத்தினால் மூச்சு வாங்கும். வேறொரு இடத்தில் காட்ட, "எஞ்சின் முடிஞ்சுது, மூவாயிரம் பவுணுக்கு மேலே வரும்" என்று சொல்லி விட்டிருக்கினம். பெடியன்ரை முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. தாய்க்கு இன்னும் சொல்லவில்லையாம்.

இந்த எஞ்சின் மற்றக் கார்களினது போல இல்லை. பிஸ்டன் கிடையாது, மேலே கீழே போற வால்வும் கிடையாது. அம்மம்மாமாருக்குச் சொல்லுறதெண்டால், ஆட்டுக்கல்லையும் குழவியையும் நினையுங்கோ. குழவி மூன்று மூலை. குழி நீள்வட்டமாய், நடுவிலை கொஞ்சம் ஒடுங்கி இருக்கும். குழவி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து சுத்தேக்கை, ஒரு பக்கத்தில் காற்றும் பெற்றோலும் உள்ளே வரும், அடுத்த பக்கத்தில் எரியும், மற்றப் பக்கத்தால் புகை போகும். வங்கல் என்ற ஜேர்மன்காரர் கண்டுபிடித்தது. 1967இல் ஜேர்மனியின் என்.எஸ்.யூ. கொம்பனியும் ஜப்பானின் மஸ்டாவும் இந்த எஞ்சினோடு கார் விட்டன. என்.எஸ்.யூ. அதிலேயே நொந்து போச்சு. மஸ்டா விடவில்லை. 1991இல் லு மான் 24 மணிநேர ஓட்டத்தை இந்த எஞ்சினால்தான் வென்றது.

அதே 1991இல் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் தொழில் பழகிக் கொண்டிருந்தேன். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு பெற்றோல் வரவில்லை. ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இங்கே பிறந்த பிள்ளையள் நம்பமாட்டினம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆனபடியால் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றர் வாய்க்குள் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணுவோம், சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய். இந்த நாட்டுக் கமக்காரரும் ஒரு காலத்தில் பேகுசன் உழவு இயந்திரத்தைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெய்க்கு மாத்தித்தான் ஓடினவை என்று இங்கே வந்துதான் அறிந்தேன்.

ஒரு நாள் இரவு, பிள்ளைப்பேற்று நோவோடு ஒரு அக்காவை ஏற்றிக்கொண்டு போகேக்கை கார் நின்றுவிட்டது. எனக்குத் தொழில் பழக்கின அண்ணை ரோச் வெளிச்சத்தில் காபரேற்றரைக் கழற்றினார். ஜெற்றுக்குள் ஊத்தை. வாயால் ஊதி எடுத்தார். அந்த அவசரத்திலும், கழற்றின உடனே எஞ்சின் வாயைத் துணியால் மூடிப்போட்டு, "ஆணியளை எண்ணடா" என்று என்னிடம் சொன்னார். அக்காவோ கத்துறா. எனக்கு வந்த கோபம் சொல்லேலாது. எண்ணினேன், நாலு. அந்தப் பிள்ளை இப்ப கனடாவிலை, கலியாணமும் முடிச்சிட்டா.

சரி, பெடியன்ரை கார். முதல் அமுக்கம் பார்த்தேன். அது சரியில்லாவிட்டால் மற்ற வேலை எல்லாம் வீண்காசு. சாதாரண அளவுமானி இதற்குச் சரிவராது, ஒவ்வொரு குழவியின் மூன்று முகத்தையும் தனித்தனியே காட்டுற கருவி வேண்டும். நல்ல அமுக்கம் இருந்தது. அப்ப, காற்றுப் போற வழியில்தான் பிழை.

இந்தக் காரில் காற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் உண்டு. மெதுவாய் ஓடேக்கை முதல் வாசல் மட்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,750 சுற்று வரேக்கை ஒரு தடுப்பு வால்வு திறந்து இரண்டாவது வாசலையும் விடும். இந்த எஞ்சின் தன்ரை ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாய் எரிக்கிற சாதி. ஒயில் ஆவியும் கரியும் சேர்ந்து அந்த வால்வைப் பசை போட்டமாதிரிப் பிடித்துவிடும். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எஞ்சினை முறுக்க, வால்வின்ரை கம்பி அசையவே இல்லை.

பற்றறியைக் கழற்றி, காற்றுப் பெட்டி, குழாய், மேல் மனிபோல்ட் எல்லாம் எடுத்து, வாசல்களைத் துணியால் அடைத்தேன். காபரேற்றர் கழுவுற மருந்தை அடித்து ஊறவிட்டு, துணியால் துடைத்து, விரலால் ஆட்டி ஆட்டி, வால்வு தானாய்த் திரும்பிற மட்டும் இரண்டு மணித்தியாலம். கத்தியால் சுரண்டக் கூடாது. வெடித்த றப்பர் குழாய் இரண்டு மாத்தினேன். காற்றை அளக்கிற சென்சருக்கு அதற்கென்று விற்கிற ஸ்பிறே மட்டும்தான், கை படக் கூடாது.

திருப்பிப் பூட்டி முடிய, தட்டில் இருக்கவேண்டிய ஒரு நட்டைக் காணவில்லை. பெடியன் திறப்போடு சீற்றில் இருக்கிறார். "தம்பி, கையை எடும்" என்று கத்திவிட்டேன். இந்த எஞ்சினில் வாசலுக்குள் விழுந்தது நேரே குழவிக்குத்தான் போகும். மூலையில் இருக்கிற சீல் ஒரு சுற்றிலேயே உடைந்துபோம். முழுக்கத் திரும்பக் கழற்றினோம், இரவு பதினொன்று தாண்டிவிட்டது. காந்தக் கம்பி விட்டுத் தேட, இரண்டாவது வாசலின் விளிம்பில் குந்திக்கொண்டு இருந்தது. முப்பது வருசத்துக்கு மேலே தொழில் செய்தவன், துணி எடுக்கேக்கை எண்ணவில்லை. பெடியனிடம் மறைக்காமல் சொன்னேன்.

பிறகு ஸ்ராட் பண்ண, மருந்து எரிந்து வெள்ளைப் புகை தெரு முழுக்க. பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைத் திறந்து பார்த்தார். சூடேறின பிறகு மெல்ல முறுக்கினோம், கம்பி அசைந்தது. அடுத்த நாள் ஏ-12இல் ஓடிப்போட்டு வந்து தாயோடு கதைத்ததாகச் சொன்னார்.

எல்லாக் காருக்கும் இப்படி நடக்காது. அடுத்த மாதமே வந்த இன்னொன்றுக்கு அமுக்கம் இல்லை. கழுவிக் காசு வாங்க மனம் வரவில்லை, திருப்பி அனுப்பினேன். இந்தக் கார் வைத்திருக்கிற பிள்ளையள் ஒயிலை அடிக்கடி பாருங்கோ. குளிரில் ஸ்ராட் பண்ணி, வாசலில் இருந்து றோட்டுக்கு எடுத்து உடனே நிப்பாட்டாதேயுங்கோ. பெற்றோல் தேங்கிப் பிறகு ஸ்ராட் வராது. பயணம் போக முதல் பொனற்றைத் திறந்து காட்ட ஆசைப்பட்டால், கார்ப் பார்க்கில் நிற்பேன். மோதகம் ஆறப்போகுது, இத்தோடை விடுறன்.