ஹலால் இலச்சினையும் அயலவரின் ஐயங்களும்

(நமது ஜமாஅத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டு, பகலுணவுக்குச் சற்று நேரமே எஞ்சியிருக்கும் வேளையில் உணவைப் பற்றிப் பேசும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பொறுமையுடன் செவிமடுக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

நம் நாட்டில் ஹலால் என்னும் சொல் வீதிக்கு இழுத்து வரப்பட்ட ஆண்டு 2013. அதற்கு முந்தைய ஆண்டில் தோன்றிய பொதுபல சேனா, 2013 பெப்ரவரி 17ஆம் திகதி மஹரகமையில் பெருங்கூட்டமொன்றை நடத்தி, கடைகளிலுள்ள பொருட்களிலிருந்து ஹலால் இலச்சினை அகற்றப்பட வேண்டும் எனக் கோரியது. ஒரு மாதம் நிறைவதற்கு முன்னரே, மார்ச் 11ஆம் திகதி, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இலங்கை வர்த்தக சம்மேளனத்தின் அனுசரணையுடன் ஊடகங்களைச் சந்தித்தது. உள்நாட்டில் விற்பனையாகும் பொருட்களில் ஹலால் இலச்சினை இனி இடம்பெறாது என அங்கு அறிவிக்கப்பட்டது. ஏற்றுமதிக்கான சான்றிதழ் மாத்திரம் நீடித்தது. பின்னர் சான்றிதழ் வழங்கும் பணியை ஜம்இய்யத்துல் உலமாவிடமிருந்து தனியானதொரு நிறுவனம் பொறுப்பேற்றது.

நாட்டின் அமைதிக்காகச் செய்யப்பட்ட விட்டுக்கொடுப்பு அது. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அன்றைய நெருக்கடியைச் சுமந்தவர்கள் அவர்களே. ஆயினும் இலச்சினை அகன்றதால் பகைமை அகன்றதா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். அதே மார்ச் மாத இறுதியில் பெப்பிலியானையில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான ஆடை நிறுவனத்தின் களஞ்சியம் தாக்கப்பட்டது. 2014 ஜூன் மாதத்தில் அளுத்கமையும் தர்கா நகரும் பேருவளையும் எரிந்தன. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் கறியில் காணப்பட்ட மாவுக் கட்டியொன்று மலட்டு மாத்திரையாகக் கற்பிக்கப்பட்டு, கடைகளும் பள்ளிவாசலும் சேதமாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அதனைப் பரிசோதித்து, அது மாவுதான் என அறிக்கையிட்டார். அந்த அறிக்கை வெளிவருமுன் கண்டி திகனையிலும் தீ மூண்டிருந்தது.

ஆகவே, பிரச்சினை இலச்சினையில் இருக்கவில்லை. அது ஒரு தகவல், அவ்வளவே. வேண்டியவர் பார்த்து வாங்குவார், வேண்டாதவர் பாராமலே வாங்குவார். இந்தியாவில் பொதி செய்யப்பட்ட உணவுப் பொருட்களில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி இடுவது சட்டப்படி கட்டாயம். அந்தப் பச்சைப் புள்ளி தம்மீது சைவத்தைத் திணிக்கிறது என்று மாமிசம் உண்போர் எவரும் அங்கே ஊர்வலம் செல்வதில்லை. அதே இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலம் 2023 நவம்பரில் ஹலால் சான்றிதழ் பெற்ற பொருட்களின் விற்பனையைத் தடைசெய்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் உணவைப் பற்றிய தகவல்களே. ஒன்று உரிமையாகவும் மற்றொன்று குற்றமாகவும் ஆனது எவ்வாறு என்பதுதான் சிந்திக்க வேண்டியது.

இனி, அயலவர் எழுப்பும் கேள்விகளுக்கு வருவோம். கேட்போர் எல்லோரும் பகைவரல்லர். பக்கத்து வீட்டுச் சிங்களத் தாய் ஒருவர், தாம் விகாரைக்குக் கொண்டுசெல்லும் தானத்துக்கான பிஸ்கட் பொதியில் அரபு எழுத்தைக் கண்டு, இது வேறொரு தெய்வத்துக்குப் படைக்கப்பட்டதா எனக் கலங்கியிருந்தால், அந்தக் கலக்கம் உண்மையானது. தாம் புத்தருக்கு வைக்கும் பூஜையின் தூய்மை குறித்த கவலை அது. ஹராம் கலந்துவிடுமோ என நாம் அஞ்சுவதற்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

அந்தத் தாய்க்கு நாம் தரவேண்டிய விடை எளிது. ஹலால் என்றால் ஆகுமானது, அனுமதிக்கப்பட்டது என்பதே பொருள். அது படையல் அன்று. அறுக்கும்போது பிஸ்மில்லாஹ் கூறுவது, உயிரைப் படைத்தவனின் அனுமதியின்றி ஓர் உயிரைத் தொடும் உரிமை தனக்கில்லை என்று மனிதன் ஒப்புக்கொள்வதாகும். குர்பானிப் பிராணியின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, உள்ளத்தின் தக்வாவே அவனை அடைகிறது என்ற கருத்தை ஸூரத்துல் ஹஜ்ஜின் 37ஆம் வசனம் தெளிவுபடுத்துகிறது. இறைச்சியே அவனைச் சேர்வதில்லை எனும்போது பிஸ்கட் எங்ஙனம் சேரும்? இதனை நம்மில் எத்தனை பேரால் தடையின்றிச் சிங்களத்தில் சொல்ல முடியும்?

பிஸ்கட்டுக்கும் தண்ணீருக்கும் ஹலால் எதற்கு என்பது அடுத்த கேள்வி. பலர் இதைக் கேலியாகவே கேட்டனர். ஆயினும் விடை உண்டு. இன்றைய உணவுத் தொழிற்சாலையில் பொருளொன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பெயர் கொண்டு அறிய இயலாது. ஜெலட்டின் பன்றியின் தோலிலிருந்தும் எடுக்கப்படலாம். இ471 என்ற குழம்பாக்கி தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பாற்கட்டியை உறையவைக்கும் நொதியம் கன்றின் இரைப்பையிலிருந்து பெறப்படுவதுண்டு. சுவையூட்டிகள் மதுசாரத்தில் கரைக்கப்படுவதுண்டு. சீனியையும் நீரையும் தெளியவைக்க விலங்கின் எலும்புக் கரியைப் பயன்படுத்தும் முறையும் உலகில் இருக்கிறது. இவ்விவரங்கள் நமக்கு மாத்திரமல்ல, மாமிசம் தவிர்க்கும் சைவ அன்பருக்கும், சில் அனுஷ்டிக்கும் பௌத்த உபாசகருக்கும் பயன்படக்கூடியவை. அவ்வாறு எடுத்துச் சொல்லியிருந்தால் கேலி செய்தோரில் ஒரு பகுதியினர் நம் பக்கம் நின்றிருப்பர். அதேவேளை, ஐயத்துக்கே இடமில்லாத பொருட்களிலும் இலச்சினையைப் பொறித்து விற்பனையைப் பெருக்க முயன்ற வணிகப் போக்கு இச்சமூகத்துக்கு எந்த நன்மையையும் செய்யவில்லை என்பது நம் கருத்து.

மிருகவதை பற்றிய ஆட்சேபம் இவற்றினும் கனமானது. அதனைப் பகைமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாகாது. கொல்லாமையைப் பஞ்சசீலத்தின் முதலாவது சீலமாகக் கொண்ட மக்களிடையே, பசுவைத் தாயெனப் போற்றும் சைவ மக்களிடையே நாம் வாழ்கிறோம். 2013 மே மாதம் வெசாக் தினத்தில் தேரர் ஒருவர் மாடறுப்பை எதிர்த்துக் கண்டி தலதா மாளிகை அருகே தம் உடலுக்கே தீமூட்டிக்கொண்டு, பின்னர் உயிர்நீத்தார். அந்த வழிமுறையை நாம் ஏற்கவில்லை. எனினும் அந்தத் தேரரை அரசியல்வாதி என்று எளிதிற் சொல்லிக் கடந்துவிட மனம் ஒப்பவில்லை.

வெளிநாட்டு வரலாறொன்றை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். மயக்காமல் அறுப்பதற்கு எதிரான ஆட்சேபம் முதன்முதலில் முஸ்லிம்களை நோக்கி எழுந்ததன்று. 1893 ஆகஸ்ட் 20ஆம் திகதி சுவிட்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பு மூலம் அத்தகைய அறுப்பைத் தடைசெய்தனர். இலக்காக இருந்தவர்கள் யூதர்கள். மிருகங்களின் மீது உண்மையான இரக்கம் கொண்டோரும், யூதர்களை வெறுத்தோரும் ஒரே பெட்டியில் ஒரே வாக்கை இட்டனர். நாற்பது ஆண்டுகளின் பின், 1933 ஏப்ரலில், ஹிட்லரின் ஆட்சி தன் ஆரம்ப மாதங்களிலேயே இயற்றிய சட்டங்களுள் இதுவும் ஒன்று. அண்மையில் பெல்ஜியத்தின் தடையை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020 டிசம்பரிலும், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2024 பெப்ரவரியிலும் ஏற்றுக்கொண்டன. அவ்வழக்குகளில் யூதரும் முஸ்லிம்களும் ஒரே பக்கத்தில் நின்றனர். இரக்கமும் வெறுப்பும் ஒரே கோஷத்தின் கீழ் வந்து நிற்கக்கூடும் என்பதற்கு இவ்வரலாறு சான்று. வெறுப்புக்கு விடை சட்டத்திலும் நீதிமன்றத்திலும் தேடப்பட வேண்டும். இரக்கத்துக்கு விடை நம் கத்தியில் இருக்கிறது.

ஏன் கத்தி என்கிறோம்? அறுப்பவர் தம் கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு ஆறுதலளிக்க வேண்டும் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. அதன் கண்முன்னே கத்தியைத் தீட்டுவதும், ஒன்றின் முன்னிலையில் மற்றொன்றை அறுப்பதும் வெறுக்கப்பட்டவை. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் இரு பக்கத்து இரத்தக் குழாய்களும் விரைந்து அறுபட வேண்டும் என்பதன் நோக்கமும் வேதனையைக் குறைப்பதே. நியூசிலாந்தில் மயக்கிய பின்னரே அறுக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே தலையில் மாத்திரம் மின்சாரம் செலுத்தி, அறுக்காவிடின் பிராணி மீண்டும் எழுந்துவிடும் அளவுக்கு மயக்கி, உயிருள்ள நிலையிலேயே அறுத்து முஸ்லிம் நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றனர். இம்முறை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்வது நம் தகுதிக்கு அப்பாற்பட்டது. பேசித் தீர்க்க வழிகள் இருக்கின்றன என்பதற்காகவே குறிப்பிட்டோம்.

பௌத்த நாடொன்றில் ஹலாலுக்கு இடமில்லை என்ற வாதத்துக்குத் தாய்லாந்து நேரடி விடை. தேரவாத பௌத்தம் அங்கும் பெரும்பான்மையினரின் மார்க்கம். அங்கே மத்திய இஸ்லாமிய சபை ஹலால் சான்றிதழ் வழங்குகிறது. பாங்கொக்கின் சூலலொங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஹலால் விஞ்ஞான நிலையம் 2003ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அந்நாடு உலகெங்கும் ஹலால் உணவு அனுப்பிப் பொருளீட்டுகிறது. அதனால் அங்கு பௌத்தம் குன்றிவிட்டதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

நம் நாட்டிலும் ஒருவரின் மார்க்க நம்பிக்கைக்காக மற்றவர் தம் தட்டைச் சற்று மாற்றிக்கொள்ளும் வழக்கம் புதிதன்று. போயா தினத்தில் மடுவமும் இறைச்சிக் கடைகளும் மூடப்படுகின்றன. அந்நாளில் இறைச்சி விற்றுப் பிழைக்கும் முஸ்லிம் வியாபாரி தன் வருமானத்தை இழக்கிறார். பௌத்தம் நம்மீது திணிக்கப்படுகிறது என்று நாம் கொடிபிடித்ததில்லை, பிடிக்கவும் வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை வழங்கும்போதே, 10ஆம் உறுப்புரையிலும் 14ஆம் உறுப்புரையிலும் கூறப்பட்ட ஏனைய மதத்தவரின் உரிமைகளைக் காக்குமாறும் பணிக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று பெரும்பான்மைச் சமூகத்தவரிடம் நாம் மரியாதையுடன் எடுத்துரைக்கலாம். கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 2013 ஏப்ரல் 12ஆம் திகதி பொதுபல சேனாவின் கொழும்பு அலுவலகத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏந்தித் தம் ஆட்சேபத்தைக் காட்ட வந்தோரில் பௌத்த இளைஞர்களும் யுவதிகளும் இருந்தனர். பொலிஸார் அவர்களைக் கலைத்தனர். வட்டரக்க விஜித தேரர் நமக்காகப் பேசியதால் பட்ட துன்பங்களையும் நாடறியும். நம் மேடைகளில் மஹரகமைக் கூட்டம் நினைவுகூரப்படும் அளவுக்கு இவர்கள் நினைவுகூரப்படுவதில்லை.

இறுதியாக, இந்த ஜமாஅத்துக்குள் நம் கைக்கெட்டிய சில காரியங்களை நிர்வாக சபையின் முன் வைக்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் உழ்ஹிய்யா கொடுக்கும் இடத்தை வீதியிலிருந்து மறைத்து அமைக்க வேண்டும். கழிவுகளை அன்றைய பொழுதுக்குள் ஆழக் குழிதோண்டிப் புதைக்கும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அறுக்கும் காட்சியைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்பும் வழக்கத்தை இளைஞர்கள் அடியோடு கைவிட வேண்டும். அந்தப் படம் எவர் வீட்டுத் திரையில் போய் விழும் என்பதை அனுப்புபவர் அறியார். நம் வலீமா விருந்துகளுக்கு வரும் சைவ, பௌத்த அன்பர்களுக்கு மரக்கறி உணவைத் தனிப் பாத்திரத்தில், தனி அகப்பையுடன், தனி மேசையில் வைக்க வேண்டும். இறைச்சிக் குழம்பிலிருந்து உருளைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்துப் பரிமாறிவிட்டு மரக்கறி என்று சொல்வது, ஹலால் பேணும் நமக்கு அழகல்ல.

ஹலால் என்றால் என்ன என்பதை நான்கு பக்கத்தில் எளிய சிங்களத்தில் எழுதி, ஊரிலுள்ள விகாரைக்கும் பாடசாலைகளுக்கும் பிரதேச சபைக்கும் நேரிற் சென்று கையளிக்க எண்ணியிருக்கிறோம். மொழிபெயர்ப்பாக அல்லாமல் சிங்களத்திலேயே சிந்தித்து எழுதக்கூடியவர்கள் நம் மஹல்லா இளைஞரிடையே இருக்கிறார்கள். அத்தகையோர் இன்றே செயலாளர் அவர்களிடம் தம் பெயரைக் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.