பள்ளி விட்ட பிள்ளைகளும் சர்க்கார் கணக்கும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியை இடையில் விடும் பிள்ளைகள் மிகச் சிலரே என்று சர்க்கார் கணக்குக் கூறுகின்றதாதலின், நமது கல்வி நிதியை இனி நிறுத்திவிடலாமெனச் சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர் உரைத்தார். அவர் உள்ளத்திற் குற்றமில்லை. அவர் நம்பிய எண்ணின் இயல்பையே யாம் இன்று ஆராயப் புகுகின்றோம்.

இவ்வெண் எங்ஙனம் பிறக்கின்றது? ஒவ்வொரு பள்ளியும் தன் பதிவேட்டிலுள்ள பெயர்களை அனுப்ப, அவை 'யூடைஸ்' என்னும் தொகுப்பிற் சேர்கின்றன. ஓராண்டு ஒரு வகுப்பிலிருந்து, மறு ஆண்டு எவ்வகுப்பிலும் இல்லாதாரே இடைநின்றோர் எனப்படுவர். ஆகவே, ஆங்கு எண்ணப்படுவது பெயரேயாம். 2021-22 வரை பள்ளிதோறும் மொத்தத் தொகையே பெறப்பட்டது. ஒருவன் விலக, வேற்றூரிலிருந்து மற்றொருவன் வந்து சேரின், தொகை குறையாது. விலகியவன் மறைந்தே போவான். 2022-23 முதல் மாணாக்கர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பதியும் முறை வந்தது. 2021-22இல் இந்திய நாட்டில் 26.52 கோடியாயிருந்த மாணாக்கர் தொகை, 2023-24இல் 24.80 கோடியாயிற்று. இக்குறைவு முழுதும் பள்ளியை விட்டோரென்று கொள்வது பிழை. இரட்டைப் பெயர்கள் நீங்கியதும் ஒரு காரணம். ஆயின், முன்னை எண்ணையும் பின்னை எண்ணையும் ஒரே துலையில் நிறுத்தலாகாது.

யாமும் பதிவேடு எழுதுவோமே. ஒன்பதாம் வகுப்பு மாணாக்கனொருவன் கார்த்திகையில் வாராது நின்றான். திரும்புவானென்று நம்பி, அவன் பெயரை நீக்காது வைத்தோம். ஆண்டிறுதியில், அவன் ஒரு நூலாலையில் வேலை செய்வதை அறிந்தோம். அன்பினாற் செய்ததே, ஆயினும், பெயர் ஏட்டிலிருந்தமையால் அவனைத் தேடுவாரும் இலர், அவன் பொருட்டு இந்நிதியை நாடுவாரும் இலராயினர். அப்பிழை எம்முடையதே.

மேலும், 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயதளவே காக்கின்றது. அதற்கு அப்பாற்பட்ட பருவமே பிள்ளைகள் நழுவும் பருவம்.

சர்க்கார் கணக்கை இகழ்வது எம் நோக்கமன்று. நாடு முழுவதையும் அறிய அது வேண்டும். நம் தெருவை அறிய நாமே நடத்தல் வேண்டும். ஆகலின், வரும் ஆனித் திங்களில் கிளைதோறும் இருவர் வீடுவீடாகச் சென்று, 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள் எவ்வகுப்பிற் பயில்கின்றனர், சென்ற வாரம் எத்தனை நாள் பள்ளி சென்றனர் என்று வினவி எழுதுவாராக. மணமுடித்த பெண்ணையும் வேலைக்குப் போன மகனையும் மானங் கருதி எவரும் மறைக்கற்க. அவ்வேடு இச்சபைக்கு வந்தபின், நிதியை நிறுத்துவதோ பெருக்குவதோ என முடிவு செய்வோம்.