தொழிலகத்துக்கு ஒரு சொற்கோவை



ஆர்க்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ளது எங்கள் திமிரி. அண்மையிலுள்ள இராணிப்பேட்டையும், மேற்கேயுள்ள ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களும் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. அத்தொழிலகங்களில் தமிழரும் உருது பேசுவோரும் அருகருகே நின்று உழைப்பர். மருந்துப் பொருள்களின் மேலுள்ள சீட்டுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு பொருளுக்கு மூன்று பெயர்கள் வழங்க இதுவே போதுமான காரணம்.

பெயர் பலவானால் என்ன தீங்கு என்று கேட்பீர்கள். தோலிலுள்ள மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பது வழக்கம். பின்னர், குரோம் உப்பால் பதனிடுவதற்கு முன்பு, அமிலமும் உப்பும் கலந்த நீரில் தோலை ஊற வைப்பார்கள். சல்பைடும் அமிலமும் கலந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும். அஃது ஆளைக் கொல்ல வல்லது. பண்டக அறையில் ஒரு பெயரும் தொட்டியடியில் வேறொரு பெயரும் வழங்குமாயின், சொல்லில் நேரும் குழப்பம் உயிருக்கே ஆபத்தாய் முடியலாம்.

ஆகையால் ஒவ்வொரு தொழிலகத்துக்கும் பொதுச் சொற்கோவை ஒன்று வேண்டும். அதை யார் ஆக்குவது? ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரே, 1879-இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். தாம் படித்த நூல்களிலிருந்து சொற்களையும் மேற்கோள்களையும் சீட்டுகளில் எழுதிப் பலர் அனுப்பினர். சொல் தருவோர் பலர். ஆய்ந்து தொகுப்போர் சிலர். 1928-இல் அம்முதற்பதிப்பு நிறைவெய்தியது.

நம் அண்டை மாநிலத்தில் இன்னும் பொருத்தமான சான்று உண்டு. பேராசிரியர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் பொறுப்பில் ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி தெலுங்குத் தொழிற்சொல் அகராதி வெளியிட்டது. 1962-இல் வந்த முதல் தொகுதி உழவுத் தொழிலுக்கும், 1971-இல் வந்த அடுத்த தொகுதி கைத்தறிக்கும் உரியவை. ஏர் பிடிப்பவரையும் தறியில் அமர்ந்தவரையும் நேரில் கேட்டே சொற்களைத் திரட்டினர். அத்தொழிலாளரே அங்கு ஆசான்கள்.

இம்முறையைத் தொழிலகமும் கைக்கொள்ளலாம். எல்லோர் கைக்கும் எட்டுமிடத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். சொல், பொருள், வழங்கும் பிரிவு ஆகியவற்றை எவரும் எழுதலாம். எழுதத் தெரியாதவர் சொல்ல, மற்றவர் எழுதலாம். பிரிவுக்கு ஒருவராக நாலைந்து பேர் திங்களுக்கு ஒருமுறை கூடி, பொதுப்பெயரைத் தேர்ந்து, நாளும் காரணமும் குறிக்கட்டும். பழம்பெயரை அடித்துவிடலாகாது, அதனருகே பொதுப்பெயரைக் காட்டினால் போதும். பேச்சில் அவரவர் சொல் வழங்கட்டும். நஞ்சுப் பொருளின் சீட்டிலும் அபாய அறிவிப்பிலும் மட்டும், எல்லோரும் அறிந்த ஒரே பெயர்தான் இருத்தல் வேண்டும். இவ்விடத்தில் தளர்ச்சி கூடாது. ஏனைய இடங்களில் கெடுபிடி வேண்டா.

விதிகள் பெருகினால் எழுத வருபவர் அஞ்சி விலகுவர். விதியே இல்லையெனில் ஏடு குப்பையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே செல்வதே நல்வழி.

மாணவர்களே, உங்கள் இல்லத்தில் தொழில் செய்வோர் இருப்பின், அவர்தம் தொழிற்சொற்கள் பத்தையேனும் இவ்வாரம் கேட்டு எழுதுங்கள். பொருள் விளங்காத இடத்தில் மீண்டும் கேளுங்கள். நாளை நீங்கள் மேற்பார்வையாளராகவோ பொறியாளராகவோ பணியேற்கும்போது, தொழிலாளியின் சொல்லைச் செவிமடுக்கும் இப்பழக்கம் உங்களுக்குத் துணை நிற்கும்.