டிராக்டரில் ஹைட்ராலிக் வால்வு: பொருத்தும் இடமும் திசையும்

(வேளாண் பொறியியல் மாணவர்களுக்கும் விரிவாக்க அலுவலர்களுக்குமான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

1961-62ஆம் ஆண்டில் இந்தியாவில் உற்பத்தியான டிராக்டர்களின் எண்ணிக்கை 880. 2022-23ஆம் ஆண்டில் உள்நாட்டில் விற்பனையானவை மட்டுமே 9 இலட்சத்துக்கு மேல். இந்த வளர்ச்சியோடு டிராக்டரின் பணியும் மாறிவிட்டது. உழுவதற்கென வாங்கப்பட்ட இயந்திரம், அறுவடைக்குப் பின் டிப்பர் டிரெய்லரை இழுக்கிறது. முன்புறச் சுமையேற்றியைத் தாங்கி மண் அள்ளுகிறது. லேசர் கருவியின் துணையால் நிலத்தைச் சமன் செய்கிறது. இப்பணிகள் யாவற்றுக்கும் எண்ணெயின் அழுத்தமே ஆற்றல் தருகிறது. அந்த எண்ணெய்க்கு வழிகாட்டுவது கட்டுப்பாட்டு வால்வு.

கலப்பையைத் தூக்கி இறக்கும் அமைப்பு டிராக்டருடனேயே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. ஹாரி பெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பும் ஹைட்ராலிக் தூக்கியும் 1939இல் வெளிவந்த ஃபோர்டு-பெர்குசன் டிராக்டரின் வழியே உலகெங்கும் பரவின. இந்தப் பகுதியைப் பற்றி உழவர் கவலைப்பட வேண்டியதில்லை. சிக்கல் எழுவது பின்னர் சேர்க்கப்படும் துணை வால்வில்தான். அதை எங்கே பொருத்துவது, எந்தத் திசை நோக்கி வைப்பது என்பதைப் பெரும்பாலும் சிற்றூர்ப் பட்டறையின் தொழிலாளியே முடிவு செய்கிறார். அவர் கையில் வரைபடம் இருப்பதில்லை. கேட்பதற்குப் பொறியாளரும் அருகில் இல்லை. அவருடைய முடிவைப் பொறுத்தே பின்னர் அந்த நெம்புகோலைப் பிடிக்கும் ஓட்டுநரின் பாதுகாப்பும், டிரெய்லரின் அருகே நிற்பவரின் உயிரும் அமைகின்றன.

வால்வின் உட்புறம்

வார்ப்பிரும்பு உடலுக்குள் துல்லியமாகக் கடையப்பட்ட ஒரு துளை. அதற்குள் முன்னும் பின்னும் நகரும் ஸ்பூல் என்னும் எஃகுத் தண்டு. வால்வின் அமைப்பு இவ்வளவே. பம்பிலிருந்து எண்ணெய் வரும் வாயில் ஒன்று. தொட்டிக்குத் திரும்பும் வாயில் ஒன்று. சிலிண்டருக்குச் செல்லும் வாயில்கள் இரண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் நெம்புகோல் நடுநிலையில் இருக்கும்போது எண்ணெய் வால்வின் ஊடே தடையின்றித் தொட்டிக்குத் திரும்பும். நெம்புகோலை அசைத்தால் அந்த வழி அடைபட்டு, எண்ணெய் சிலிண்டரை நோக்கிச் செல்லும். அழுத்தம் வரம்பை மீறினால் பாதுகாப்பு வால்வு திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும்.

ஸ்பூலுக்கும் துளைக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பொருத்தும் வேலையில் கைக்கொள்ள வேண்டிய விதிகளில் பல இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறப்பவை.

பொருத்தும் முறை

முதலாவதாக, வால்வு அமரும் தகடு தடிப்பானதாகவும் சமதளமாகவும் இருத்தல் வேண்டும். கோணலான தகட்டின்மேல் வால்வை வைத்துப் போல்ட்டுகளை இறுக்கினால், உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். நூறில் ஒரு பங்கு இடைவெளி மறைய அதுவே போதும். ஸ்பூல் இறுகிக்கொள்ளும், நெம்புகோலை விட்டாலும் நடுநிலைக்குத் திரும்பாது. ஓட்டுநர் கையை எடுத்த பின்னும் டிரெய்லர் உயர்ந்துகொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணமாகும். போல்ட்டுகளை ஒரே அளவில், மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஸ்பூல் எளிதாக நகர்கிறதா எனக் கையால் அசைத்துப் பார்ப்பதே முறை.

இரண்டாவதாக, தகட்டை மட்கார்டின் மெல்லிய தகரத்தில் மாட்டுதல் ஆகாது. எஞ்சினின் அதிர்வில் தகரம் நடுங்கும், நாளடைவில் கிழியும். உற்பத்தியாளர் இதற்கென விட்டிருக்கும் துளைகளையும் போல்ட்டுகளையும் பயன்படுத்துவதே நன்று. டிராக்டர் கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் சட்டத்தில் துளையிடுவதோ பற்றவைப்பதோ கூடவே கூடாது; அச்சட்டத்தின் வலிமை அதனால் குன்றிவிடும். தகட்டில் பற்றவைப்பு வேலை இருப்பின் வால்வைப் பொருத்துவதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். வெப்பம் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். தெறிக்கும் உலோகத் துகள் வாயிலுக்குள் புகுந்தால் துளையைக் கீறும்.

மூன்றாவதாக, இணைப்புகளின் மரை வகையை அறிந்து பொருத்த வேண்டும். நேர்மரை வாயிலில் கூம்பு மரை இணைப்பைத் திணித்து இறுக்கினால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

திசையின் முக்கியத்துவம்

வால்வை எந்தத் திசையில் வைத்தாலும் எண்ணெய் பாயும். ஆயினும், திசை ஒரு பொருட்டன்று என முடிவு செய்வது தவறு. ஸ்பூல் படுக்கை நிலையில் இருப்பதே பொதுவாகச் சிறந்தது. செங்குத்தாக நிறுத்தினால் அதன் மேல்முனையில் மழைநீரும் தூசியும் தங்கும். துருப்பிடித்த முனை ஒவ்வோர் அசைவிலும் ரப்பர் வளையத்தை அராவும். கனமான நெம்புகோல் ஸ்பூலின்மேல் தொங்கினால், நடுநிலைக்குத் திருப்பும் சுருள்வில் மேடுபள்ளங்களில் அந்த எடையோடும் போராட வேண்டியிருக்கும்.

குழாய் வாயில்கள் பார்க்கும் திசையும் கருதத்தக்கது. ஹோஸ் குழாய் வாயிலிலிருந்து நேராகப் புறப்பட்டுப் பின்னரே வளைய வேண்டும், முறுக்கிக்கொள்ளக் கூடாது. புகைபோக்கியையும், சுழலும் பி.டி.ஓ. தண்டையும், ஓட்டுநரின் கால் செல்லும் வழியையும் விட்டு அது விலகிச் செல்லுமாறு வால்வைத் திருப்பி வைத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது நெம்புகோலின் திசை. பின்னோக்கி இழுத்தால் உயர்தல், முன்னோக்கித் தள்ளினால் தாழ்தல் என்பது வழக்கம். வால்வைத் தலைகீழாக மாட்டினாலோ, இரு குழாய்களை இடம் மாற்றி இணைத்தாலோ இந்த ஒழுங்கு புரண்டுவிடும். தன் டிராக்டரைத் தானே ஓட்டும் உழவர் ஒரு வாரத்தில் அதற்குப் பழகிவிடக் கூடும். ஆனால், இன்று டிராக்டரை ஓட்டுபவர் அதன் உரிமையாளராகவே இருப்பதில்லை. 2014-15இல் தொடங்கப்பெற்ற வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் உதவியோடு வாடகை மையங்கள் பல உருவாயின. அத்தகைய மையத்தின் ஓட்டுநர் காலையில் ஒரு டிராக்டரையும் மாலையில் வேறொன்றையும் ஓட்டக்கூடும். ஆபத்து நேரும் கணத்தில் மனிதன் சிந்திப்பதில்லை. பழகிய திசையில் கை தானாகச் செல்கிறது. உயர்ந்து நிற்கும் டிரெய்லரின் கீழ் ஒருவர் குனிந்திருக்கும்போது அந்தக் கை தவறான திசையில் சென்றால், திருத்திக்கொள்ள நேரம் கிடையாது.

லேசர் சமன் கருவியிலும் இதே பாடம் உண்டு. அதில் மின்சாரத்தால் இயங்கும் வால்வு, கம்பத்தின் மேலுள்ள உணர்வியின் கட்டளைப்படி மண்வாரியை உயர்த்தித் தாழ்த்துகிறது. குழாய்கள் இடம் மாறினால் மேடு கண்ட இடத்தில் மண்வாரி மேலேறும். பள்ளம் கண்ட இடத்தில் மேலும் தோண்டும். நிலத்தைச் சமன் செய்து பாசன நீரைச் சேமிக்க வந்த கருவி நிலத்தைக் கெடுத்துவிடும்.

எண்ணெய்ச் சுற்றில் கவனிக்க வேண்டியவை

துணை வால்வைப் பம்புக்கும் டிராக்டரின் தூக்கிக்கும் இடையே வைப்பதாயின், அடுத்த அமைப்புக்கு அழுத்த எண்ணெயைக் கடத்தும் தனி வாயில் உள்ள வால்வையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். தொட்டி வாயிலிலிருந்து தூக்கிக்குக் குழாய் இழுப்பது பெருந்தவறு. குறைந்த அழுத்தத்துக்கென அமைந்த பகுதியில் முழு அழுத்தமும் ஏறி, வளையங்கள் பிதுங்கும். உடலே பிளக்கவும் கூடும்.

பாதுகாப்பு வால்வு திறந்த நிலையில் நீண்ட நேரம் இயக்குவதும் தீங்கானது. நிமிடத்துக்கு 25 லிட்டர் எண்ணெய் 150 பார் அழுத்தத்தில் அவ்வழியே பாய்ந்தால், ஏறத்தாழ 6 கிலோவாட் ஆற்றல், அதாவது 8 குதிரைத் திறன், வெறும் வெப்பமாக எண்ணெயில் கலக்கிறது. டிரெய்லர் முழு உயரத்தை எட்டியதும் நெம்புகோலை நடுநிலைக்குக் கொணர வேண்டும் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

கசிவைக் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அக்காயத்துக்கு உடனடியாக அறுவை மருத்துவரை நாடாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத்துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்ப்பதே பாதுகாப்பானது. குழாயைக் கழற்றுமுன் சுமையை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை இருபுறமும் அசைத்து அழுத்தத்தைப் போக்க வேண்டும். உயர்த்திய டிரெய்லரின் அடியில் வேலை செய்ய நேர்ந்தால், எண்ணெயை நம்பாமல் இரும்புத் தாங்கியை நிறுத்துதல் வேண்டும்.

செய்ய வேண்டியது

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955இல் தொடங்கப்பெற்ற பயிற்சி நிலையமும், ஹிசார், கார்லதின்னே, பிஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களிலுள்ள நிலையங்களும் பண்ணை இயந்திரங்களைச் சோதிப்பதோடு அவற்றைக் கையாளவும் பயிற்சி தருகின்றன. தொழிற்சாலையிலிருந்து வரும் டிராக்டர் அங்கே சோதனைக்கு உள்ளாகிறது. பட்டறையில் பின்னர் சேர்க்கப்படும் வால்வை எவரும் சோதிப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பப் பெருஞ்செலவு தேவையில்லை. மானியம் பெறும் வாடகை மையங்களில் நெம்புகோல்கள் யாவும் ஒரே திசை ஒழுங்கில் அமைய வேண்டுமெனக் கொள்முதல் விதியில் ஒரு வரி சேர்க்கலாம். நெம்புகோலின் அருகே ‘உயர்’, ‘தாழ்’ என்று அம்புக்குறியோடு வட்டார மொழியில் எழுதச் செய்யலாம். கலப்பையைத் திருத்தும் பட்டறைத் தொழிலாளிக்கு இரண்டு நாள் பயிற்சியும் ஓர் எளிய வரைபடமும் கிடைக்க வழி செய்யலாம்.

இயந்திரமயமாக்கலின் வெற்றி விற்பனையான டிராக்டர்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படுவதன்று. அந்நெம்புகோலை முதன்முறையாகப் பிடிக்கும் ஓட்டுநரும் அதன் திசையைத் தயங்காமல் அறிந்துகொள்ள முடியுமாயின், பட்டறையில் வால்வு சரியாகப் பொருத்தப்பட்டது எனலாம்.