குடியிருக்க ஓர் ஊர்

(திருச்சிராப்பள்ளியில் மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி.



எந்த ஊரில் வாழ்வது என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு குழுவினர் பணித்தார்கள். நம் குடும்பங்களில் இக்கேள்வி மூன்று தருணங்களில் எழுகிறது. மகனுக்கோ மகளுக்கோ வேலை கிடைக்கும்போது முதன்முறை. பணி ஓய்வு பெறும்போது இரண்டாம் முறை. கணவன் மனைவி இருவருள் ஒருவர் மறைந்து மற்றவர் தனித்து நிற்கும்போது மூன்றாம் முறை. முதல் தருணத்தில் வேலையே ஊரைத் தீர்மானித்துவிடுகிறது. இரண்டாவதில் நாமே தீர்மானிக்கிறோம். மூன்றாவதில் பிறர் நமக்காகத் தீர்மானிக்கிறார்கள். முதலாவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. பின்னிரண்டைப் பற்றியே பேச விரும்புகிறேன். ஏனெனில் "திருச்சியில் ஒரு வீடு பார்க்கலாமா, திருவரங்கத்தில் அடுக்ககம் வாங்கலாமா" என்று வந்தவாசியிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர் கேட்பது இப்போது அடிக்கடி நிகழ்கிறது.

ஊர் மாறிக் குடியேறப் புறப்பட்ட ஒரு குடும்பம் இவ்வழியே சென்றதைச் சிலப்பதிகாரம் விரிவாகக் கூறுகிறது. புகாரை விட்டு மதுரைக்குச் சென்ற கோவலனும் கண்ணகியும் காவிரியின் வடகரை வழியாக நடந்து, ஆற்றிடைக்குறையாகிய அரங்கத்தை அடைந்து, ஓடமேறித் தென்கரை சேர்ந்து, உறையூரில் தங்கிச் சென்றார்கள். உடன் சென்றவர் கவுந்தியடிகள். அரங்கத்துச் சோலையில் சாரணரைக் கண்டு அறம் கேட்டதும், உறையூரில் நிக்கந்தர் பள்ளியில் தங்கியதும் நாம் அறிந்தவையே. ஆனால் அப்பயணத்தை ஒரு குடிபெயர்ச்சியாக எண்ணிப் படித்தோமா என்பது ஐயம்.

ஒரே பாதையில் நடந்த மூவருக்கும் மூன்று காரணங்கள் இருந்தன. சிலம்பை முதலாகக் கொண்டு இழந்த செல்வத்தை மீட்பது கோவலனின் எண்ணம். மதுரையிலுள்ள குற்றமற்ற பெரியோரிடம் அறவுரை கேட்பது கவுந்தியடிகளின் நெடுநாள் விருப்பம். கண்ணகிக்கோ, கணவன் எழுக என்றான் என்பதைத் தவிர வேறு காரணம் கூறப்படவில்லை. புகாரிலிருந்து சிறிது தொலைவு நடந்ததுமே கால் நொந்து, மூச்சு வாங்க, மதுரை எங்குள்ளது என்று அவள் கேட்கிறாள். முப்பது காதம்தான், அருகில்தான் என்று கோவலன் சிரித்துக்கொண்டே மறுமொழி சொல்கிறான். புறப்பட்ட பின்னரே அவள் தொலைவைக் கேட்க நேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். ஊரைத் தேர்ந்தவர் தொலைவைக் குறைத்துச் சொல்வது இன்றும் நடைபெறுகிறது. "பெங்களூரா? இரவு ஏறினால் காலையில் இறங்கிவிடலாம்" என்கிறோம். இறங்கிய பின் அந்த நகரின் பதினான்காம் மாடியில் பகல் முழுவதும் தனித்திருக்கப் போகிறவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

இனி இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். திருச்சிராப்பள்ளி பிறரைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்ட ஊர். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883இல் இங்கு இடம்பெயர்ந்தது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனையும் நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பொன்மலைக்கு மாறியது. பணிமனையோடு தொழிலாளர் குடும்பங்களும் வந்தன. துறைமுகம் ஒருபுறம் இளைக்க, இருப்புப்பாதைகள் கூடும் ஊர் மறுபுறம் வளர்ந்தது. 1960களில் திருவெறும்பூர்ப் பக்கம் பாரத மிகுமின் நிறுவனமும், துவாக்குடியில் 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியும் வந்தன. ஆசிரியப் பணிக்கும் அரசுப் பணிக்கும் தொழிற்சாலைப் பணிக்கும் நம்மவர் சிலர் இங்கு வந்து, ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டனர். அவர்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, முப்பது ஆண்டு வேலை அவர்களை இந்த ஊர்க்காரர்கள் ஆக்கிவிட்டது என்பதே பொருத்தம்.

திருச்சியைப் பரிந்துரைப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், இது மாநிலத்தின் நடுவில் உள்ளது என்பதே. 1980களின் தொடக்கத்தில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தலைநகரையே சென்னையிலிருந்து இங்கு மாற்ற எண்ணியதும் இக்காரணம் பற்றியே. சென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம். அத்திட்டம் நிறைவேறவில்லை. மாநிலத்துக்கு நடுவாக இருப்பது ஒரு குடும்பத்துக்கும் நடுவாகிவிடுமா? வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் பூர்வீகமும் சுற்றமும் உடையோருக்குச் சென்னை இரண்டு மூன்று மணி நேரப் பயணம். திருச்சியிலிருந்து செல்ல அரைநாள் ஆகும். மேல்சித்தாமூர் மடத்து விழாவுக்கோ பொன்னூர் மலைக்கோ நினைத்தவுடன் புறப்பட இயலாது. அதேவேளை கரந்தை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி எனச் சோழநாட்டு ஜினாலயங்களைச் சார்ந்த குடும்பங்களுக்கு இது வாயிற்படிபோன்ற ஊர். ஆகவே வரைபடத்தில் மாநிலத்தின் நடுவைத் தேடாமல், உங்கள் குடும்பத்தார் வாழும் ஊர்களைப் புள்ளி வைத்து அவற்றின் நடுவைத் தேடுங்கள். பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் விமான நிலையமும் ஒரு புள்ளி. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய முனையத்தால் அவ்வகையில் இவ்வூருக்கு ஏற்றம் கூடியிருக்கிறது.

நம் முன்னோர் இவ்வூர்ப் பக்கம் வாழ்ந்த தடங்கள் பல. உச்சிப்பிள்ளையார் கோயில் மலையின் குகைத்தளத்தில் கற்படுக்கைகள் உள்ளன. சிரா என்னும் துறவியின் பெயராலேயே சிராப்பள்ளி என்னும் பெயர் வந்தது என்று கருதும் அறிஞர்களும் உளர். அறுபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் உள்ள சித்தன்னவாசலில், மலைச்சரிவில் வெட்டிய அடிப்படிகளைப் பற்றிச் சென்றால் ஏழடிப்பாட்டத்தில் பதினேழு படுக்கைகள். அவற்றுள் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. கீழே ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த அறிவர் கோயில். இத்துறவியர் தேர்ந்த இடங்களில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஊருக்குள் இல்லை, ஊரைவிட்டு வெகுதொலைவிலும் இல்லை. ஏற்பதற்குச் சென்று திரும்பும் தொலைவில் ஊரும், அருகில் நீரும், தலைக்குமேல் நிழலும் இருந்தால் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இல்லறத்தார்க்கு அதுவே அளவாகாது எனினும், இன்றைய வீட்டு மனை விளம்பரங்களைவிட அந்தத் தேர்வு தெளிவானது என்பது என் எண்ணம்.

விளம்பரங்கள் சொல்லாதவற்றைச் சொல்லியாக வேண்டும். திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. நீர் வளமுண்டு, தென்னை நிழலுண்டு, ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகளில் மக்களே குடியிருக்கும் அழகிய நகரமைப்பு உண்டு. அது வைணவப் பெருந்தலம். அவ்வூரின் ஆண்டு முழுவதும் கோயிலின் நாட்காட்டியைப் பின்பற்றியே நடக்கிறது. வைகுண்ட ஏகாதசிக் காலத்தில் வெளியூர்க் கூட்டம் வரும். தேர் நாட்களில் தெருவில் வண்டி வராது. அதை வரவேற்கும் மனமுடையோர் அங்கே மகிழ்ச்சியாக வாழலாம். அமைதியை நாடி மட்டும் செல்வோர் ஏமாறுவர். கோயில் ஊரில் குடியேறிவிட்டுக் கோயிலின் மேளத்தைக் குறைகூறுவது அறமன்று.

தீவு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நகரின் பெரிய மருத்துவமனைகள் பெரும்பாலும் தென்கரையில் உள்ளன. சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் இடையே 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 நவம்பர் முதல் சில மாதங்கள் மூடியபோது, சுற்றிச் செல்லும் அருமையை எல்லோரும் உணர்ந்தார்கள். இதய நோயுள்ள முதியவர் வீட்டின் வாடகையை மட்டும் பார்த்தால் போதாது. நள்ளிரவில் மருத்துவமனை வாயிலை அடைய எத்தனை நிமிடம் என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தையும் மறத்தல் ஆகாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலமும் இடிந்தது. 2005 நவம்பரில் வெள்ளம் நகருக்குள் புகுந்தது. கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் கரைகளை ஒட்டி மனை வாங்குவோர், விற்பவரைக் கேட்பதோடு நில்லாமல், அத்தெருவின் பழைய பெட்டிக்கடைக்காரரையும் கேட்க வேண்டும். 2005இல் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதை அவர் சுவரில் கைவைத்துக் காட்டுவார். கோடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரை வைகாசியில் நாற்பது பாகை இங்கு இயல்பு. எனவே என் திடமான கருத்து: வீட்டை வாங்குவதற்குமுன் வாடகைக்கு ஓராண்டு இருந்து பாருங்கள். மார்கழியில் வந்து பார்த்துத் தையில் பத்திரம் பதிவு செய்வது மட்டும் வேண்டாம்.

குண விரதங்களுள் ஒன்றான திக்விரதத்தை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஆறு, மலை, கடல், காடு எனப் பலரும் அறிந்த எல்லைகளைக் குறித்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அவற்றைக் கடவேன் என்று சிராவகர் ஏற்கும் நோன்பு அது. எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்கு நம்மால் தீங்கில்லை. அப்பாலுள்ள பொருள்மீது ஆசையும் இல்லை. இன்றைய வாழ்க்கையில் அதை முழுமையாக ஏற்போர் அரியர். ஆயினும் வீடு தேடும்போது அது கேட்கும் கேள்வி பயனுள்ளது. எந்தத் திசையில், எவ்வளவு தொலைவு வரை நாம் உண்மையில் சென்று வரப்போகிறோம்? அறுபத்தைந்து வயதில் "சென்னைக்கு வாரம் ஒருமுறை போய்வருவேன்" என்று கணக்கிட்டு வீடு வாங்கியவர் எழுபதில் மாதம் ஒருமுறையும், எழுபத்தைந்தில் பேரன் திருமணத்துக்கும் மட்டுமே செல்கிறார்.

இவ்வளவும் பேசிவிட்டு, விட்டுவரும் ஊரைப் பற்றிப் பேசாதிருத்தல் முறையன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் ஏறத்தாழ 89 ஆயிரம். வடநாட்டிலிருந்து வந்து தொழில் செய்வோரும் அதில் அடக்கம். தமிழ்ச் சமணர் அதில் ஒரு பகுதியினரே. நம் சிற்றூர் ஒன்றில் பத்து வீடுகள் பூட்டப்பட்டால், ஜினாலயத்தின் நாள்பூசைக்கு முறைவைக்க ஆளில்லாமற் போகிறது. உபாத்தியாயர் ஒருவர் இரண்டு மூன்று ஊர்களுக்குச் சைக்கிளிலோ வண்டியிலோ ஓடுகிறார். நகரில் வாழ்வோர் பணம் அனுப்புகிறார்கள், அது நன்றே. ஆனால் கருவறைக் கதவைத் திறக்கப் பணத்தால் இயலாது. ஓய்வு பெற்று உடல்நலத்தோடு இருக்கும் தம்பதியர் திருச்சியில் வீடு வைத்துக்கொண்டாலும், ஆண்டில் இரண்டு மாதமேனும் சொந்த ஊர் வீட்டைத் திறந்து குடியிருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நிலத்தை விற்றாலும் வீட்டை விற்காதீர்கள். அறுவடை முடிந்த மாதமும் கோயில் பெருவிழா மாதமும் அதற்கு ஏற்றவை. ஓர் ஊரார் தமக்குள் மாதங்களைப் பகிர்ந்துகொண்டால் ஜினாலயத்தில் ஆண்டு முழுவதும் யாரேனும் இருப்பார்கள்.

மூன்றாம் தருணத்துக்கு வருகிறேன். தனித்து விடப்பட்ட தாயை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் தொலைபேசியில் பேசி முடிவெடுக்கிறார்கள். இதில் எவரையும் குறைகூறேன், அன்பினால்தான் செய்கிறார்கள். அந்தத் தாயிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். பொழுது சாயுமுன் உண்ண அந்த வீட்டில் வசதி உண்டா? மருமகள் அலுவலகத்திலிருந்து எட்டு மணிக்கு வந்து சமைக்கும் வீட்டில், இரவுண்ணாமையை நாற்பது ஆண்டு காத்தவர் என்ன செய்வார்? கிழங்கு சேராத சமையலை யாரிடம் சொல்வார்? பேச ஒருவர் உண்டா?

மீண்டும் சிலம்புக்கே செல்கிறேன். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைத்தது வணிகர் மாளிகையில் அன்று. மாதரி என்னும் ஆய்ச்சியின் சிறு மனையில். மாதரி செய்த முதற்செயல் என்ன? வந்திருப்பவர்கள் சாவக நோன்பியர், பகலுணவு கொள்பவர் என்பதை எண்ணி, அவர்கள் தாமே சமைத்துண்ண நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுங்கள் என்று தன் வீட்டுப் பெண்களிடம் சொன்னாள். அரிசியும் காயும் தந்தாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தூணாகத் துணை வைத்தாள். மாதரி நம் குலத்தவள் அல்லள். மதுரை என்னும் மாநகர் அக்குடும்பத்துக்கு இழைத்ததை அனைவரும் அறிவோம். ஆனால் அந்த ஊரின் ஓரத்தில் இருந்த அந்த ஒரு வீடு அவர்களை நன்றாகவே வைத்திருந்தது.

திருச்சியில் அத்தகைய அண்டை வீட்டார் உண்டு. உறையூரிலும் தென்னூரிலும் திருவரங்கத்திலும் நான் கண்டிருக்கிறேன். நம் அறக்கட்டளை ஒரு சிறு பணியைத் தொடங்கலாம். இங்கு குடியேற விரும்பும் நம்மவர்க்கு, முன்பே வாழும் குடும்பம் ஒன்று ஓராண்டுக்கு உறுதுணையாக இருப்பதாகப் பெயர் கொடுக்க வேண்டும். வீடு பார்க்கவும், மருத்துவரைக் காட்டவும், பண்டிகை நாளில் அழைக்கவும் ஒருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் இன்றே எழுதிக் கொடுக்கலாம். பெண்கள் தனியே பெயர் கொடுப்பது இன்னும் நன்று.

பொழுது இறங்குகிறது, பந்தி தொடங்க வேண்டும் என்று சமையற்கூடத்திலிருந்து கைகாட்டுகிறார்கள். எஞ்சியதை உண்டபின் பேசுவோம். ஜெய ஜினேந்திரா.