லேபில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதல் வாரமே கேளுங்கள்

இந்த ஆண்டு கல்லூரி அறிவியல் துறைகளில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளோடும், அவர்களுக்கு பிராக்டிகல் எடுக்கும் ஆசிரியர்களோடும் கொஞ்சம் பேச வேண்டும்.

பர்மாங்கனேட் டைட்ரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வரும்போது, கூம்புக் குடுவையில் வெளிறிய இளஞ்சிவப்பு வந்து மறையாமல் நின்றால் நிறுத்த வேண்டும். சிவப்பு பச்சை நிறக்குறைபாடு உள்ள பையனுக்கு அந்த வெளிறிய நிறம் பிடிபடாமல் போகலாம். நன்றாக நிறம் ஏறிய பிறகு நிறுத்துவான். ரீடிங் கூடிவிடும், மார்க் குறையும். "கவனம் போதாது" என்பார்கள். அவனும் வாய் திறக்க மாட்டான். சொன்னால் வேறு துறைக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயம் வேண்டாம், தம்பி. நவீன அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்டனுக்கே இந்தக் குறைபாடு இருந்தது. 1794இல் தன் கண்ணைப் பற்றித் தானே ஆய்வுரை வாசித்தவர் அவர்.

ஆசிரியர்களே, அந்த டைட்ரேஷனில் நாம் எதைச் சோதிக்கிறோம்? கரைசலின் செறிவைச் சரியாகக் கண்டுபிடிக்கிறானா என்பதைத்தான். இளஞ்சிவப்பைப் பார்க்கும் கண்ணுக்கு மார்க் இல்லை. அதே டைட்ரேஷனைப் பொட்டென்ஷியோமீட்டர் வைத்துச் செய்தால், முடிவுப் புள்ளியில் மின்னழுத்தம் சட்டென்று எகிறும்; வரைபடத்தில் யாரும் படிக்கலாம். பல துறைகளில் அந்தக் கருவி பக்கத்து அறையில்தான் இருக்கிறது. உப்புப் பகுப்பாய்வில் சுடரின் நிறம் தெரியவில்லையா? பக்கத்தில் இருப்பவர் நிறத்தைச் சொல்லட்டும், அது எந்த உலோகம் என்று மாணவன் சொல்லட்டும். கால்சியம் என்றால் அம்மோனியம் ஆக்சலேட் வெள்ளை வீழ்படிவு கொடுத்துவிடும். அதற்கு நிறம் பார்க்கும் வேலையே இல்லை.

இதெல்லாம் சலுகை என்று நினைக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அவரவர் தேவைக்கேற்ற வசதியைக் கல்வி நிறுவனம் செய்துதர வேண்டும் என்கிறது. பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் அதற்கேற்ப மாற்றலாம் என்றும் சொல்கிறது. நிறக்குறைபாடு அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இல்லை என்பது உண்மை. ஆனாலும் படத்தொகுப்புப் படிப்பு தொடர்பான புணே திரைப்படக் கல்லூரி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், நிறக்குறைபாட்டைக் காட்டி மாணவர்களை ஒதுக்கக் கூடாது, பாடத்திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. படத்தொகுப்புக்கே அப்படியென்றால் வேதியியல் துறை தயங்குவதில் நியாயமில்லை.

தேர்வு எழுதுவதில் சிரமம் உள்ளவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கிரைப் (சொல்வதை எழுதித் தருபவர்) கேட்க 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும் என்று சில அலுவலகங்களில் இன்னும் சொல்கிறார்கள். ஸ்கிரைப் கேட்ட விகாஷ் குமார் என்பவரின் வழக்கில் 2021லேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மத்திய அரசின் வழிகாட்டுதலில் கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம்.

சரி, எப்படிக் கேட்பது? வாய்வார்த்தையாக வேண்டாம். துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். "உதவி வேண்டுகிறேன்" என்று பொதுவாக எழுதினால் அது ஃபைலில் உறங்கிவிடும். எந்தப் பரிசோதனை, எந்தக் கட்டத்தில் சிரமம், பதிலுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வருகிற பெண் என்றால், "பியூரெட் ஸ்டாண்டு வைக்க உயரம் குறைந்த மேசை ஒன்று, கதவருகே" என்று எழுதுங்கள் அம்மா. மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். சம வாய்ப்பு மையம் இருந்தால் அங்கும் ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் பிரதியில் இரண்டு இடத்திலும் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் பிராக்டிகலுக்கு முந்தின நாள் போய் நின்றால் நல்ல மனதுள்ள ஆசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது. முதல் வாரமே கொடுங்கள். பதில் வராவிட்டால் கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். கையெழுத்து வாங்கிய அந்தப் பிரதி அப்போது கைகொடுக்கும்.